வலி வரும் முன்னே பல் டாக்டரிடம்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பல் வலித்தால் எங்கே ஓடுவது என்று எல்லாருக்கும் தெரியும். வலி எதுவும் இல்லாதபோது போய்ப் பரிசோதித்து, பல்லில் கெட்டியாக ஒட்டிய காரையை எடுத்துவிட்டு வருவதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். வீட்டிலும் தெருவிலும் பலரைக் கூட்டிக்கொண்டு போய் வந்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: சிகிச்சையில் பெரிய கஷ்டம் இல்லை, எதை முன்னே செய்வது எதைப் பின்னே செய்வது என்பதில்தான் பணமும் நேரமும் போகிறது. அதனால் இதை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முகம் வீங்கியிருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, வாய் திறக்க முடியவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1. கிளம்பும் முன் கண்ணாடியில் உங்கள் கறையைப் பாருங்கள்

நம் இரண்டு மாவட்டங்களிலும் இது மற்ற ஊர்களைவிட முக்கியம். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரை என்று எங்கே பார்த்தாலும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் இருந்த கிராமங்கள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வருவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் காவி நிறம் இருப்பது சர்வசாதாரணம்.

அந்த நிறம் ஸ்கேலிங்கில், அதாவது காரையைப் பெயர்த்து எடுக்கும் சுத்தத்தில், போகாது. முதல் தடவை போகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாந்து திரும்புவது இங்கேதான். "காசு கொடுத்துச் சுத்தம் பண்ணியும் பல்லு அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

பகல் வெளிச்சத்தில், பல்லைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டு, குறுக்குக் கோடுகள், பழுப்பு நிறம், சில பேருக்குச் சின்னச் சின்னக் குழி. இடது பக்கம் எந்தப் பல்லில் இருக்கிறதோ வலது பக்கமும் அதே பல்லில் இருக்கும். இது ஃபுளோரைடு கறை. பல் உருவாகும்போதே எனாமலுக்குள் (பல்லின் கெட்டியான வெளி ஓடு) விழுந்தது, மேலே ஒட்டியது இல்லை. இதைச் சரிசெய்ய எனாமலின் மேல்படலத்தை லேசாகத் தேய்த்து எடுப்பது, ப்ளீச், பல் நிறப் பூச்சு, வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) என்று தனி வழிகள் உண்டு. அது வேறு கணக்கு, வேறு நாள்.

ஈறு ஓரமாக, முக்கியமாகக் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில், நாக்கை வைத்தால் சொரசொரவென்று மஞ்சளாகவோ பழுப்பாகவோ கெட்டியாக ஒட்டியிருந்தால் அது காரை. எச்சில் சுரக்கும் துளை அந்த இடத்துக்கு அருகில் இருப்பதால்தான் அங்கே முதலில் படிகிறது. மேல் கடவாய்ப்பல்லின் கன்னப் பக்கமும் அப்படித்தான். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் உப்பு மாதிரி இது. தேய்த்தால் வராது, பெயர்த்தால்தான் வரும்.

வெற்றிலை, புகையிலை, டீ ஆகியவற்றால் வரும் கருப்பு, பழுப்புக் கறை மெல்லிய படலமாக இருக்கும். இது சுத்தம் செய்யும்போது பெரும்பாலும் போய்விடும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்து, அதில் சோறு சிக்குகிறது என்றால் சொத்தையாக இருக்கலாம்.

இன்னொரு தப்பு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். காவிப்பல் இருக்கிறவர்கள் "எப்படியும் மஞ்சள்தானே, எதுக்குச் சுத்தம்" என்று விட்டுவிடுகிறார்கள். காவிக்கு மேலேயும் காரை படியும். ஈறைக் கெடுப்பது அந்தக் காரைதான், நிறம் இல்லை.

2. நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஸ்கேலிங் செய்ய வருகிறவர்கள் ஏராளம். வேண்டாம். வீங்கியிருந்த ஈறு ரத்தம் கசிந்து, பல் கூசி, விருந்தில் ஐஸ்கிரீம்கூடச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போனால் ஈறு இறுகி நிறமும் தெளிந்திருக்கும்.

காலை நேரம் நல்லது. சர்க்கரை இருப்பவர்கள் வழக்கமான டிபனைச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "ரத்தம் எடுக்கப் போறாங்களோ" என்று நினைத்து வெறும் வயிற்றில் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் மயங்குவது நடக்கிறது. ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே நேராகப் போவதும் நல்லதல்ல, தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மாங்காய் சீசனில் போகிறீர்களா? போகலாம். ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்கு உப்பு மிளகாய்ப்பொடி மாங்காயை மறந்துவிட வேண்டும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

3. பையில் எடுத்து வைக்க வேண்டியது: மாத்திரை அட்டைகள்

இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. பல் டாக்டரிடம் போகும்போது சர்க்கரை மாத்திரை, இதய மாத்திரை பற்றியெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். பெரியவர்களைக் கேட்டால் "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சின்ன ரோஸ் மாத்திரை" என்பார்கள். நம் சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வழியாக நிறைய பேருக்கு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அந்த அட்டைகளையும் குறிப்பு அட்டையையும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயர் மனப்பாடம் தேவையில்லை.

ஏன் என்றால்:

ரத்தத்தை இளக்கும் மாத்திரை (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம்) சாப்பிடுகிறவருக்கு ஈறில் ரத்தம் கொஞ்சம் கூடுதல் நேரம் கசியும். டாக்டருக்குத் தெரிந்தால் அதற்குத் தயாராக இருப்பார். வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் சமீபத்தில் எடுத்த ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) ரிப்போர்ட் கேட்பார். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சாதாரண ஸ்கேலிங்குக்குப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. நிறுத்தினால் இதயத்துக்கும் மூளைக்கும் வரும் ஆபத்து ஈறில் வரும் ரத்தத்தைவிடப் பெரிது.

செயற்கை வால்வு வைத்தவர்கள், இதய உள்ளுறையில் முன்பு தொற்று வந்தவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ள சிலர் ஆகியோருக்குச் சுத்தம் செய்யும் முன்னால் ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும். ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் கலக்கும் என்பதால். இதய டாக்டரின் சீட்டை எடுத்துப் போங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சில பழைய வகை ஸ்கேலிங் கருவிகளை அவர்களுக்குத் தவிர்ப்பார்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ வாரம் ஒரு மாத்திரையோ எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்கேலிங்குக்கு அது தடை இல்லை. பிற்பாடு பல் பிடுங்க நேர்ந்தால் தாடை எலும்பு ஆறுவதில் சிக்கல் வரலாம்.

சர்க்கரைக்காரர்கள் கடைசியாக எடுத்த மூன்று மாத சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வர அடம்பிடிக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும்.

கர்ப்பிணிகள் "குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. ஹார்மோன் மாற்றத்தால் அந்தச் சமயத்தில்தான் ஈறு அதிகம் வீங்கும். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை நாற்காலியில் சாய்ந்து படுக்க வசதியான காலம்.

முந்தைய பல் எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி எடுக்கும் செலவு மிச்சமாகலாம்.

4. எங்கே போவது, என்ன கேட்பது

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும். கூட்டம் இருந்தால் அன்றைக்குப் பரிசோதனை மட்டும் செய்து ஸ்கேலிங்குக்கு வேறு நாள் தருவார்கள். அதைக் கேட்டதும் கோபித்துக்கொண்டு வந்துவிடாமல், அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் என்றால் போனிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். பரிசோதனைக் கட்டணம் தனியா, ஸ்கேலிங் கட்டணம் முழு வாய்க்கா, பாலிஷ் அதில் சேர்ந்ததா. ஈறுக்கு உள்ளே ஆழமாகச் சுத்தம் செய்ய நேர்ந்தால் கட்டணம் மாறும், அதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பலகையில் பிடிஎஸ் அல்லது எம்டிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டமும் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பல் கட்டுகிறவர்கள், பவுடர் போட்டுப் பல்லை வெள்ளையாக்குகிறவர்கள் பக்கம் போகவே வேண்டாம். பல்லை உடனே வெளுக்க வைக்கும் எதுவும் அமிலமாகவோ, எனாமலைச் சுரண்டும் பொடியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே காவிப்பல்லில் எனாமல் பலவீனமாக இருக்கும் நமக்கு அது இரட்டை நஷ்டம்.

உள்ளே போனதும் கருவிகளை மூடிய உறையிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

5. முதலில் பரிசோதனை, அப்புறம்தான் சுத்தம்

நாற்காலியில் உட்கார்ந்ததும் "டாக்டர், சும்மா க்ளீனிங் மட்டும் போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். சுத்தத்தைவிட மதிப்பு அதற்கு முன்னால் நடக்கும் பார்வையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

டாக்டர் மெல்லிய கம்பி போன்ற அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. 4க்கு மேல் என்றால் அங்கே பை போல இடம் விழுந்திருக்கிறது, பிரஷ் போய்ச் சேராது. எந்தப் பல்லில் எத்தனை என்று எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு ஆகும்.

பிறகு சொத்தை. இரண்டு கடவாய்ப்பல்லுக்கு நடுவில் விழும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதனால் எக்ஸ்ரே என்றதும் காசு பிடுங்குகிறார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்; எந்தப் பல்லுக்கு, எதற்காக என்று கேளுங்கள், சரியான டாக்டர் படத்தைக் காட்டியே சொல்வார்.

மூன்றாவது, நாக்கின் ஓரம், கன்னத்தின் உள்பக்கம், நாக்குக்குக் கீழே. வெற்றிலை பாக்கு, புகையிலை, பான் மசாலா பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பல் டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்பு போல முழுதாகத் திறக்காமல் போவது, இவையெல்லாம் புற்றுநோய்க்கு முந்தைய அறிகுறிகளாக இருக்கலாம். இந்த நிலையில் கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது என்பதால் தானாக யாரும் போய்க் காட்டுவதில்லை.

புகைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் ஈறில் ரத்தம் வருவதில்லை என்பது நல்ல செய்தி இல்லை. புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து ஈறு நோயை மறைத்துவிடும்.

6. ஸ்கேலிங் நடக்கும்போது

அதிரும் முனை ஒன்று நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உடைக்கும், கூடவே தண்ணீர் பீய்ச்சும். மூக்கால் மூச்சு விடுங்கள். தண்ணீர் தேங்கினால் இடது கையைத் தூக்கிக் காட்டுவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் பேச முயன்று தலையைத் திருப்புவதுதான் ஆபத்து.

"ஏன் தம்பி, நல்லா இருக்கிற பல்லை எதுக்கு நோண்டணும், எனாமல் தேஞ்சிடாதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். முனையைச் சரியான கோணத்தில் பிடித்தால் உடைவது காரைதான். துப்பும்போது பாறைத் துண்டு போல வருவதைப் பார்த்துப் பல்லே உடைந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள், அதுவும் காரைதான்.

ரத்தம் வரும். ஈறு எவ்வளவு வீங்கியிருந்ததோ அவ்வளவு வரும். காரை ரொம்ப இருந்தால் இரண்டு தடவையாகப் பிரிப்பார்கள். ஆழமான பை இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு வேர்ப்பக்கம் சுத்தம் செய்து, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். வலி போய்விட்டது என்று அந்த மறு அளவுக்குப் போகாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஈறு ஒட்டியதா இல்லையா என்று தெரிவதே அன்றைக்குத்தான்.

7. முதல் வாரம்

பல் கூசும், இடைவெளி விழுந்த மாதிரி இருக்கும், சிலருக்குப் பல் ஆடுவது போலத் தோன்றும். "சுத்தம் பண்ணினால் பல்லு ஆடிடும்" என்ற பேச்சு பிறந்த இடம் இது. உண்மையில் பல்லைச் சுற்றியிருந்த எலும்பு முன்பே கரைந்துவிட்டது, காரைதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. அதை எடுத்ததும் உள்ள நிலைமை தெரிகிறது. விட்டுவைத்திருந்தால் காரையோடு சேர்ந்து பல்லும் ஒரு நாள் கையோடு வந்திருக்கும்.

கூச்சம் சில நாளில் குறையும். சூடும் ஐஸும் புளிப்பும் தள்ளி வையுங்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், அன்று இரவே மெதுவான பிரஷால் பல் தேயுங்கள். ரத்தம் வருகிற பக்கத்தைத் தேய்க்காமல் விடுவது பெரிய தப்பு. அங்கே படியும் ஊத்தை சில நாளிலேயே கெட்டியாக ஆரம்பித்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால், பேஸ்ட் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும், பேஸ்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் குறைக்கும். சொன்ன நாளுக்கு மேல் தொடர வேண்டாம். அதை மாதக்கணக்கில் பயன்படுத்தி, கூடவே டீயும் குடித்து, பல் கறுத்துப் போனதும் ஸ்கேலிங் மேல் பழி போடுகிறார்கள்.

8. மற்ற வேலைகள் இருந்தால்

வலியும் சீழும் இருந்தால் அது முதலில். அதன் பிறகு சுத்தம். பிறகு அடைப்பு, வேர் சிகிச்சை. கேப், பல்செட், நிறம் மாற்றுவது எல்லாம் கடைசி.

காரையோடு அளவெடுத்தால் பல்செட் சரியாக உட்காராது. மஞ்சள் படிந்த பல்லுக்கு ஒப்பாக நிறம் பார்த்து கேப் போட்டுவிட்டு, அப்புறம் சுத்தம் செய்தால் கேப் மட்டும் மங்கலாகத் தனியாகத் தெரியும். கேப்பின் நிறத்தைப் பிறகு மாற்ற முடியாது.

9. குழந்தைகள்

முதல் பல் முளைத்ததும், அதிகம் போனால் ஒரு வயதுக்குள், ஒரு தடவை காட்ட வேண்டும். அது பழகுவதற்காக. முதன்முதலில் வலியோடு கூட்டிப்போன பிள்ளை அந்தத் தெருப்பக்கமே வராது.

ஆறு வயது வாக்கில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தை வந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது, வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல். முளைத்த கையோடு காட்டினால் பள்ளங்களை மூடும் பூச்சு போட்டுவிடலாம்.

ஃபுளோரைடு கறை முன்பற்களில் விழுவது எட்டு வயது வரைக்கும்தான், ஏனென்றால் அதற்குள் அவை உருவாகி முடிந்துவிடும். அதனால் வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக வந்தால் அதை முதலில் சின்னப் பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்குங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். போர் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்; லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5 தாண்டினால் குடிக்கக் கூடாது. அந்த ரிப்போர்ட்டைப் பல் டாக்டரிடமும் காட்டி, பிள்ளைக்கு எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்று கேளுங்கள். பேஸ்டை விழுங்காமல் துப்பப் பழக்குவது உங்கள் வேலை.

10. அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்பது எல்லாருக்கும் பொருந்தும் சட்டம் இல்லை. ஈறு நன்றாக இருந்து, புகையிலை இல்லாமல், ஒழுங்காகத் தேய்க்கும் பெரியவர் வருடத்துக்கு ஒரு தடவை காட்டினாலும் போதும் என்று டாக்டரே சொல்லலாம்; ஒவ்வொரு தடவையும் ஸ்கேலிங்கும் தேவைப்படாது. சர்க்கரை, புகையிலை, ஏற்கெனவே ஈறு நோய், இதில் ஒன்று இருந்தாலும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை.

முடிவு செய்ய 5ஆம் படியில் எழுதி வாங்கிய அளவுகளை அடுத்த தடவை எடுத்துப் போங்கள். 5 இருந்த இடம் 3 ஆகியிருந்தால் இடைவெளியை நீட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படியே இருந்தாலோ கூடியிருந்தாலோ நீட்டக் கூடாது, வேண்டுமானால் ஈறு சிகிச்சையில் எம்டிஎஸ் படித்தவரிடம் போகச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.